டொக்டர் கப்டன் லட்சுமி

எமது காலத்து விடுதியில் மலாயாவில் பிறந்த பிள்ளைகள் எப்போதும் சிலர் இருந்தார்கள். தகப்பன்மார் அங்கே ரெயில்வேயிலோ கந்தோரிலோ வேலை பார்த்துப் பென்சனுடன் ஊர் திரும்பியவர்கள். அவர்களுடைய வீட்டுக் கதைகளில் 'யப்பான் காலம்' என்று ஒன்று வரும். மரவள்ளிக்கிழங்கும், வாழைமரப் படம் போட்ட செல்லாக்காசுத் தாளும், சயாம் ரெயில் பாதை போடப் போய்த் திரும்பாத தோட்டத் தொழிலாளரும் அதில் வருவார்கள். கப்டன் லட்சுமியின் பெயரையும் நாம் அங்கேதான் முதலிற் கேட்டோம். துவக்குப் பிடித்த பெண் என்றே அப்போது விளங்கியது. அவர் ஒரு டொக்டர் என்பதை எம்மிற் பலர் பிந்தித்தான் அறிந்தோம்.

லட்சுமி சுவாமிநாதன் 1914 ஒக்டோபர் 24 இல் சென்னையில் பிறந்தார். தந்தையார் பெயர் பெற்ற வழக்கறிஞர். தாயார் அம்மு சுவாமிநாதன் பின்னாளில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர். நடனக் கலைஞர் மிருணாளினி சாராபாய் இவருடைய தங்கை. லட்சுமி 1938 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பிரசவ மருத்துவத்திலும் பயிற்சி முடித்து, 1940 இல் சிங்கப்பூருக்குப் போனார். அங்கே அவர் திறந்த சிகிச்சை நிலையத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளரே.

1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் விழுந்தது. காயப்பட்ட இந்தியப் போர்க் கைதிகளுக்கு அவர் சிகிச்சை செய்தார். அடுத்த வருடம் யூலையில் சுபாஸ் சந்திர போஸ் வந்து, இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கென ஒரு படைப்பிரிவு வேண்டும் என்றார். அதை நடத்தும் பொறுப்பை ஏற்ற லட்சுமி தம் சிகிச்சை நிலையத்தை விட்டுவிட்டுப் போனார். 1943 ஒக்டோபர் 22 இல் சிங்கப்பூர் வாட்டர்லூ வீதியில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது. அதற்கு முதல் நாள் அமைக்கப்பட்ட சுதந்திர இந்தியத் தற்காலிக அரசில் மகளிர் விவகார அமைச்சரும் அவரே.

அந்தப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் மலாயாத் தமிழ்ப் பெண்கள், அதிலும் றப்பர் தோட்டங்களிற் பால் வெட்டியவர்கள் பலர். இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர்கள். அவர்களோடு ஒரே வரிசையில் நின்று பயிற்சி பெற்றவர்களில் ஈப்போவில் இலங்கைத் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்த இராசம்மாவும் அக்கா பொன்னம்மாவும் உண்டு. அப்போது இராசம்மாவுக்குப் பதினாறு வயது. பிற்காலத்தில் இராசம்மா பூபாலன் என்ற பெயரில் கோலாலம்பூரில் மெதடிஸ்த பெண்கள் பாடசாலையின் அதிபராகவும், ஆசிரியைகளுக்குச் சம சம்பளம் கேட்டுப் போராடியவராகவும் விளங்கியவர் இவரே. சேலையைக் கழற்றிக் காற்சட்டை போட எத்தனை வீட்டில் சண்டை நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இந்தப் படைக்குத் துணை நின்றது யப்பான். சயாம்-பர்மா பாதையில் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரைச் சாகவிட்டதும் அதே யப்பான். தோட்டத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்த ஒருவர் இந்தக் கூட்டை ஏற்றது எப்படி என்ற கேள்வி எமது குழுவிலும் எழுந்தது, முடிவு காணவில்லை. வெள்ளையர் ஆட்சி போகாமல் எதுவும் மாறாது என்று அவர் நம்பினார் என்பது மட்டும் தெளிவு.

1944 இல் ராணிகள் பர்மாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். போர்முனைக்குப் போகும் ஆசையோடு மேமியோ வரை போனவர்கள் அவர்கள். இம்பால் போர் தோற்றபின் நோயோடும் பட்டினியோடும் திரும்பி வந்த படையினரைப் பராமரிப்பதே அவர்களுக்குக் கிடைத்த யுத்தமாயிற்று. மலேரியா, வயிற்றோட்டம், அழுகிய புண்கள், போதாத மருந்து. படைத்தலைவி மறுபடி டொக்டரானார். 1945 இல் போஸ் ரங்கூனை விட்டு வெளியேறியபோது ராணிகளில் ஒரு தொகுதியினர் அவரோடு பல நாள் நடந்தே சயாம் பக்கம் போனார்கள். லட்சுமியோ பர்மாவிலேயே நின்று பிரித்தானியப் படையிடம் பிடிபட்டார். 1946 மார்ச்சிலேதான் இந்தியா திரும்ப முடிந்தது. அவர் லெப்டினன்ட் கேணலாக உயர்ந்திருந்தும், சனத்தின் வாயில் கடைசிவரை 'கப்டன்' தான்.

சீருடையில் இருந்தது இரண்டு வருடமளவில். அதன்பின் வந்த அறுபத்தாறு வருடங்களைப் பற்றி எங்கள் வீட்டுக் கதைகளில் ஒன்றும் இல்லை.

செங்கோட்டை வழக்கில் நிறுத்தப்பட்ட மூவரில் ஒருவரான பிரேம் குமார் சாகலை 1947 மார்ச்சில் லாகூரில் மணந்து, கான்பூரில் குடியேறினார். சில மாதங்களில் நாடு பிரிந்தது. அகதிகள் வந்து குவிந்தார்கள். அவர்களிடையே வேலை தொடங்கினார். பிறகு அந்த நகரத்தில் ஒரு சிறு பிரசவ சிகிச்சை நிலையம். காசு இல்லாதவர்கள் கதவடியில் நின்று திரும்பவேண்டியதில்லை. 1971 இல் வங்காளதேச அகதிகள் எல்லை தாண்டி வந்தபோது மேற்கு வங்க முகாம்களுக்குப் போய் வைத்தியம் பார்த்தார். அப்போது வயது ஐம்பத்தாறு. மார்க்சிஸ்ட் கட்சியிற் சேர்ந்ததும் அந்த நாட்களை ஒட்டியே. 1984 டிசெம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்தபோது மருத்துவக் குழுவோடு அங்கும் போனார்.

1998 இல் பத்ம விபூசண் விருது. 2002 இல் இடதுசாரிகள் அவரை ஜனாதிபதித் தேர்தலில் அப்துல் கலாமுக்கு எதிராக நிறுத்தினார்கள். கலாமுக்கு 9,22,884 வாக்கு மதிப்பு, இவருக்கு 1,07,366. இந்தியாவில் அந்தப் பதவிக்கு ஒரு தமிழரை எதிர்த்துச் சென்னையிற் பிறந்த ஒரு பெண் நின்றதை எங்கள் பத்திரிகைகள் பெரிதாகக் கவனித்ததாய் ஞாபகம் இல்லை. தோற்றவர் கான்பூருக்குப் போய் மறுபடி நோயாளரைப் பார்த்தார். தொண்ணூறைத் தாண்டியும் காலையில் சிகிச்சை நிலையத்துக்குப் போகும் வழக்கம் இருந்தது.

2012 யூலை 23 இல், தொண்ணூற்றேழாம் வயதில், கான்பூரிற் காலமானார். தகனம் நடக்கவில்லை. அவருடைய உடல், மாணவர்கள் படிப்பதற்காக, அந்நகரின் கணேஷ் சங்கர் வித்யார்த்தி நினைவு மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டது.