பொல்சன் பாற்பண்ணையும் கேடா உழவரும்

பால் ஏனைய விளைபொருள்களைப் போன்றதன்று. நெல்லைச் சேமித்து விலையேறும்வரை காத்திருக்கலாம். காலையிற் கறந்த பாலோ மாலைவரை காத்திராது. ஆதலின் பாலைக் கெடாது காக்கும் வசதியுடையவரே அதன் விலையையும் வகுப்பர். இன்றைய குஜராத் மாநிலத்து ஆனந்த் நகரின் வரலாறு இதனைத் தெளிவாக உணர்த்துகின்றது.

பெஸ்தன்ஜி எதுல்ஜி என்னும் பார்சி வணிகர், 1888 இல், இளம்பருவத்திலேயே, பம்பாயிற் கோப்பித்தூள் விற்கத் தொடங்கினார். அவருடைய செல்லப்பெயராகிய ‘பொலி’ என்பதிலிருந்தே ‘பொல்சன்’ என்னும் வணிகப்பெயர் பிறந்தது. பின்னர் இராணுவத்துக்கு வெண்ணெய் வழங்கி அவர் வளம் பெற்றார். 1930 ஐ ஒட்டி, எருமைப்பால் மிகுந்த கேடா மாவட்டத்து ஆனந்தில் நவீன பாற்பண்ணையொன்றை நிறுவினார். பம்பாயில் வெண்ணெய் என்றாலே பொல்சன் என்னும் நிலை உண்டாயிற்று.

1945 இல் பம்பாய் அரசு நகருக்குப் பால் வழங்கும் திட்டமொன்றை வகுத்தது. 400 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து பாலைக் கெடாது அனுப்பும் வசதி பொல்சனிடமே இருந்தமையால், பால் திரட்டும் தனியுரிமையும் அதற்கே கிடைத்தது. நிறுவனமும் இடைத்தரகரும் ஆதாயம் கண்டனர். கறந்தவனுக்கோ உரிய விலை கிடைக்கவில்லை.

உழவர் சர்தார் வல்லபாய் படேலை நாடினர். அவர்தம் அறிவுரையின்படி, 1946 சனவரி 4 ஆம் நாள், மொரார்ஜி தேசாயின் முன்னிலையிற் சமர்க்கா என்னும் ஊரிற் கூடி, தம் சொந்தக் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாகவே பால் விற்பதென உறுதிபூண்டனர். அரசு இசையாதபோது, 15 நாட்கள் பம்பாய்க்குப் பால் கொடாது மறுத்தனர். ஈற்றில் அரசு இணங்கிற்று. அவ்வாண்டு டிசம்பர் 14 இல் திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் மாவட்டக் கூட்டுறவு ஒன்றியம் பதிவுசெய்யப்பட்டது. 1948 இல் அது பணி தொடங்கியபோது நாளொன்றுக்குத் திரண்ட பால் ஏறக்குறைய 250 லீற்றரே. 1949 இல் ஆனந்துக்கு வந்த பொறியியலாளர் வர்கீஸ் குரியனின் முயற்சியால் ஒன்றியம் விரிவுற்றது; 1955 இல் எருமைப்பாலிலிருந்து பால்மா ஆக்கும் ஆலையும் எழுந்தது. ‘அமுல்’ என்னும் பெயர் நாடெங்கும் பரவ, வெண்ணெய்ச் சந்தையிற் பொல்சனின் முதன்மை மறைந்தது.

பொல்சன் திறமையின்மையால் தாழ்ந்தது எனல் பொருந்தாது. அதன் உப்புச்சுவைக்கு மக்கள் பழகியிருந்தமையால், அமுல் வெண்ணெயும் முதலில் அச்சுவையையே தழுவ வேண்டியதாயிற்று. தரத்தையும் சந்தையையும் அறிந்திருந்த அந்நிறுவனம், கறப்பவனைத் தன் பங்காளியாகக் கருதவில்லை. பாலைக் காக்கும் வசதி அவன் கைக்கு மாறியதும், விலையை வகுக்கும் உரிமையும் உடன் மாறிற்று.