ஊவா மலைநாட்டின் வேலிச் செடிகள்

வேலி என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. காவலாக நிற்கும் அடைப்பு ஒன்று. சோழநாட்டு உழவர் வழக்கில் ஏறக்குறைய ஆறேமுக்கால் ஏக்கர் கொண்ட நிலவளவு மற்றொன்று. நிலமும் அதன் காவலும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது வியப்பன்று. எல்லை கட்டப்பட்ட பின்னரே நிலம் ஒருவனுடையது ஆகிறது. ஆனால் பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்த தமிழருக்கு இச்சொல்லின் முதற்பொருள் மட்டுமே கிட்டியிருந்தது. லயத்தின் பின்புறத்தே மரக்கறிப் பாத்தி அமைத்து, மாடும் ஆடும் நுழையாதபடி வேலி நட்டவர் அவர். வேலிக்கு உட்பட்ட மண்ணோ தோட்டத்துக்கு உரியது.

காப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்திலே திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த மக்கள் வறண்ட நிலத்துச் செடிகளை அறிந்தவர்கள். கள்ளியும் கிளுவையும் அவர்கள் ஊர் வேலிகளில் நின்றவை. ஊவாவின் மலைச்சரிவிலே அவற்றுக்கு இடமில்லை. கண்முன் எளிதாகக் கிடைத்த செடியையே அவர்கள் நட்டனர். அச்செடிகளிற் பல அவர்களைப் போலவே கடல் கடந்து வந்தவை.

இவற்றுள் முதலில் கூறத் தக்கது உண்ணிச்செடி. அமெரிக்க வெப்பநாடுகளுக்குரிய இச்செடி 1826ஆம் ஆண்டில் பேராதனைத் தாவரப் பூங்கா வாயிலாக இலங்கைக்கு வந்தது. செம்மையும் மஞ்சளும் கலந்த பூங்கொத்துக்களின் அழகுக்காகவே அது விரும்பப்பட்டது. முள் உடைமையாலும் அடர்ந்து வளர்தலாலும் வேலிக்கும் உகந்ததாயிற்று. ஆனால் அதன் சிறு கனிகளைப் பறவைகள் உண்டு விதைகளை எங்கும் பரப்பின. 1869இல் மடூல்சீமையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் காலப்போக்கில் காப்பிப் பயிரை அழித்தது. மடூல்சீமை பதுளைக்கு அணித்தே உள்ள மலைத்தொடர் என்பதை இங்கே நினைத்தல் தகும். கைவிடப்பட்ட காணிகளிலே உண்ணிச்செடி தடையின்றிப் புகுந்தது. வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. அதன் இலையை மிகுதியாகத் தின்ற மாடுகளுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் புண்ணாகும் என்பதும் இன்று தெளிவாகியுள்ளது.

காட்டுச் சூரியகாந்தியின் வரலாறும் இதனை ஒத்ததே. 1851இல் அழகுச் செடியாகக் கொணரப்பட்ட அது, மலைப்பாதைகளின் இருமருங்கிலும் மஞ்சட் பூக்களுடன் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. ஆயினும் அதனை வெறும் களையென்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. அதன் இலை தழைச்சத்து மிக்கது. வெட்டிப் பாத்தியில் இட்டால் விரைவில் மட்கி உரமாகும். வீட்டெல்லையில் நடுவதை விடுத்து, தெருவோரத்தில் தானாக வளர்ந்ததை அறுத்து உரமாக்குவதே அறிவுடைமை.

இவற்றுக்குப் பின்னர் முருக்கும் சீமைக்கிளுவையும் பெருவழக்காயின. தண்டை வெட்டி ஊன்றினாற் போதும், வேர்விடும். தேயிலைக்கு நிழல், மண்ணுக்குத் தழை, ஆட்டுக்குத் தீனி என ஒரு தண்டினால் மூன்று பயன் கிடைத்தன. செவ்வரத்தை வேலியோ பெரும்பாலும் துரைமாரின் பங்களாக்களை அணிசெய்தது. அதனை மாதந்தோறும் கத்தரித்தவர் லயத்தில் வாழ்ந்தவரே என்பதைக் கூறாமல் விடுதற்கில்லை. பேராதனைப் பூங்காவிற் பணியாற்றிய மக்மில்லன் 1910இல் வெளியிட்ட தோட்டக்கலைக் கைந்நூலிலே வேலிக்குரிய செடிகளையும் எடுத்துக் கூறியுள்ளார். அந்நூல் ஆங்கிலத்தில் இருந்தது; பங்களாவின் அலமாரியிலும் இருந்தது.

வேலியின் மற்றொரு வேலை மண்ணைத் தடுத்தல். பழைய தோட்டக்காரர் களை ஒன்றும் இன்றி நிலத்தைத் துடைத்து வைத்திருப்பதையே சிறப்பென்று கருதினர். மூடுதல் இழந்த மண் மழைதோறும் ஓடைகளிற் கலந்தது. இக்கேட்டினை ஆராய்ந்த மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை 1931இல் வெளிவந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல் நிறைவேறியது. சரிவுக்குக் குறுக்கே மட்டம் பிடித்துச் செடிவரிசை நடும் முறை அதன்பின் வலுப்பெற்றது.

சட்டங்கள் மண்ணைக் குறித்து எழுந்த அக்காலத்திலேயே, அம்மண்ணில் உழைத்தவரின் உரிமை குறைந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பல குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே முடிவு கண்டது. நாளை எங்கே இருப்போம் என்று அறியாதவன் ஓராண்டுக் கீரையை விதைப்பான். இருபதாண்டு நிற்கும் வேலியை நடுவானா? லயங்களின் புறத்தே நாட்பட்ட வேலிகள் அருகியிருந்தமைக்குச் சோம்பலைக் காரணமாகக் கூறியவர் இதனை எண்ணியிருக்க மாட்டார்.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பிய குடும்பங்களுக்குப் பூணாகலைப் பகுதியில் தனிவீடுகள் கட்டப்பட்டன. அக்காலந்தொட்டு, தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலமும் தனிவீடும் என்னும் திட்டம் பல இடங்களிற் செயற்படலாயிற்று. வேலி என்னும் சொல்லின் இரண்டாம் பொருள் மிகச் சிறிய அளவிலேனும் கிட்டத் தொடங்கிய காலம் இது.

அந்தச் சிறிய அளவுதான் வேலிச் செடியின் தெரிவை ஒரு பொருளாதார வினாவாக்குகிறது. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,905 சதுர அடி. அது சரிசதுரமாயின் ஒரு பக்கம் நாற்பத்து நான்கு அடிக்குச் சற்றுக் குறையும். அதனைச் சுற்றி மூன்றடி அகலத்தில் புதர்வேலி வளர்ந்தால் 488 சதுர அடி, அதாவது காணியின் காற்பங்குக்கு மேல், வேலிக்கே போய்விடும். வீட்டுக்கு 550 சதுர அடி கழித்தால் எஞ்சும் நிலத்தில் மூன்றிலொன்றுக்கு மேல் அது. அதே வேலியை ஓரடி அகலத்தில் அடக்கினால் செலவாவது 171 சதுர அடியே. பெருந்தோட்டத்துக்கு ஏற்ற உண்ணியும் காட்டுச் சூரியகாந்தியும் இச்சிறு காணிக்கு ஏலாமைக்கு இக்கணக்கே போதும்.

அவ்வாறாயின் எதனை நடுவது? அதிகம் நடப்படாத நான்கு செடிகள் எண்ணத் தக்கவை.

ஆடாதோடை தன் பெயரிலேயே தகுதியைக் கூறுகிறது. கைப்பு மிகுதியால் ஆடு அதனைத் தொடுவதில்லை. வெட்டுக்குப் பணிந்து ஒடுங்கி நிற்கும். இருமலுக்குரிய அதன் இலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடியாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்னும் மேனாட்டு மருந்து ஆக்கப்பட்டது. நொச்சியோ தமிழர் இலக்கணத்திலே காவலுக்கே பெயராய் நின்ற செடி. மதில் காத்துப் பொரும் ஒழுக்கத்தைப் புறப்பொருள் வெண்பாமாலை நொச்சித் திணை என்றே கூறும். கோட்டை காத்த வீரரின் பூ, பீர்க்கும் அவரையும் படர்ந்த பாத்தியைக் காப்பதில் இழிவொன்றும் இல்லை. அதன் தழை தானியத்தில் பூச்சி அணுகாமல் இடவும் தலைப்பாரத்துக்கு ஆவி பிடிக்கவும் உதவும்.

தவசிக்கீரை உண்ணத் தரும் வேலி. நுனியைக் கிள்ளுந்தோறும் பக்கக் கிளைகள் செறியும்; ஆகவே சமையலே கத்தரிப்பாகிவிடும். இதனைச் சமைத்தே உண்ணல் வேண்டும். தைவானில் 1990களில் உடல் மெலியும் என்று நம்பி இதன் பச்சைச் சாற்றை நாள்தோறும் பருகியோர் பலருக்கு நுரையீரல் கெட்டது.

நான்காவது வெட்டிவேர். சரிவின் கீழெல்லைக்கு இதற்கு நிகரில்லை. வேர் பக்கவாட்டிற் பரவாது பத்தடி ஆழம் வரை நேரே இறங்கும். நடுவதற்குரிய வகை விதையால் பரவுவதில்லை. மைசூருக்கு அணித்தான குண்டல்பேட்டை உழவர் தலைமுறைகளாக வரப்பில் நட்டு வந்த இப்புல்லை, 1980களில் உலக வங்கியின் வல்லுநர் பிற நாடுகளுக்கும் எடுத்துரைத்தனர். மேல்மண் கரைதலை இது தடுக்கும். மீரியபெத்தையில் நிகழ்ந்தது போல மலையே ஆழத்தில் பெயருமாயின் எந்த வேலியும் தாங்காது. அத்தகைய இடத்தைவிட்டு அகல்வது ஒன்றே வழி.

பதுளைப் பகுதியில் நடவுக்குரிய காலம் ஒக்டோபர் மழையின் தொடக்கம். தை மாதம் வரை மழை உதவும். ஆடியிலும் ஆவணியிலும் ஊவாவின் வறண்ட காற்று வீசும். தேயிலைக்கு மணத்தை ஊட்டும் அக்காற்றே இளஞ்செடியைக் காய்த்துவிடும். ஆதலால் அதற்குள் வேர் ஊன்றியிருத்தல் வேண்டும். முதலாண்டில் மட்டும் செடிகளின் அடியில் மாணாப்புல்லை அறுத்துப் பரப்பி வைத்தால் ஈரம் நிற்கும்.