குதிரும் பொட்டலமும்: வீட்டு இருப்பின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

மழைக்காலத்துக்கு முன் நண்பர்கள் சிலர் கூடி ஒரு முடிவெடுத்தோம். ஆற்றோரக் குடியிருப்பு ஒன்றில் வீட்டுக்கு ஒன்றாக அவசரகால உணவுப் பொட்டலம் கொடுத்துவிடுவது. வெள்ளம் வந்தபின் சோற்றுப் பொட்டலத்தோடு ஓடுவதைவிட, வருமுன்னரே வீட்டில் இருப்பு இருக்கட்டுமே என்பது யோசனை. அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், உப்பு, புளி, மிளகாய்த்தூள், சர்க்கரை, டீத்தூள். பட்டியல் போட்ட ஐந்து பேரும் ஆண்கள்.

முதல் வீட்டில் பொட்டலத்தை வாங்கிக்கொண்ட அம்மா கேட்டார்: "சரி தம்பி, இத எங்க வைக்கிறது? தண்ணி வந்தா மொதல்ல முங்குறது இந்தத் தரைதான." பரண் கிடையாது. அலமாரி கிடையாது. நாங்கள் முழித்தோம். அவரே தொடர்ந்தார்: "அப்புறம், வேலையில்லாத நாள்ல புள்ளைங்க பசின்னா, வெள்ளத்துக்கு வச்சிருக்கேன்னு சொல்லவா முடியும்?"

அந்த இரண்டு கேள்விகள்தான் இக்கட்டுரை. இருப்பு வைக்க இடம் வேண்டும்; இன்றைக்குப் பசியில்லாமல் இருக்கவும் வேண்டும். இரண்டும் இருப்பவருக்கே 'முன்யோசனை' என்ற நற்பண்பு வாய்க்கிறது. இல்லாதவர் 'நாளையைப் பற்றிக் கவலையில்லாதவர்' ஆகிவிடுகிறார்.

2

தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இருப்பு என்றதும் நினைவுக்கு வருவது பெரும்பாணாற்றுப்படைதான். ஏணிக்கு எட்டாத நெற்கூடுகள், அவற்றில் பழந்தானியம். வகுப்பில் இதைத் தமிழர் வளத்துக்குச் சான்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கூட்டை நிரப்பியவர் யார், அவர் வீட்டில் கூடு இருந்ததா என்று ஆசிரியரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதே சங்கத் தொகுப்பில், சமைத்தே நாளாகி அடுப்பில் காளான் பூத்த வீட்டைப் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் சொல்லும் புறநானூற்றுப் பாடலும் இருக்கிறது. அதை 'வறுமைச் சுவை' என்று தனியாக வைத்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தால் கிடைப்பது சுவை அல்ல, உடைமை உறவு.

குதிர், குலுக்கை, தொம்பை, பத்தாயம், சேர் என்று வட்டாரத்துக்கு ஒரு பெயர். மண்ணிலும் மூங்கிலிலும் மரத்திலும் வைக்கோல் பிரியிலும் செய்தார்கள். இந்தத் தொழில்நுட்பத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நெல்லை அரிசியாக்காமல் நெல்லாகவே வைத்தார்கள். துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்தார்கள். தானியத்தோடு வேப்பிலை, நொச்சி போட்டார்கள். நன்றாகக் காய்ந்த கேழ்வரகும் உமி நீக்காத வரகும் ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடந்தன. பஞ்சத்தைத் தாண்ட வைத்தது இந்தப் புன்செய்த் தானியம்தான். ஆனால் வைத்த தானியம் சோறாக வேண்டுமென்றால் குத்தவும் புடைக்கவும் வேண்டும். அந்த உழைப்பு பெண்களுடையது. குதிரைப் புகழும் மரபுக் கதையாடல் உலக்கையைச் சௌகரியமாக மறந்துவிடுகிறது.

குதிர் எல்லா வீட்டிலும் இருக்கவும் இல்லை. காவிரிப் படுகையில் கூலி அன்றன்றைக்கு நெல்லாக அளக்கப்பட்டது. பண்ணையாள் அறுத்த நெல் பண்ணையார் வீட்டில்தான் இருப்பாயிற்று. தன் உழைப்பே கடனாகத் தனக்குத் திரும்பி வருவதற்காக அவர் பின்கட்டில் போய் நின்றார். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கேட்டது குதிர் நிறைய நெல் அல்ல.

'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற பழமொழியைப் பிள்ளையின் வெகுளித்தனத்துக்காகச் சிரித்துச் சொல்கிறோம். கடன்காரனுக்குப் பயந்து ஒரு ஆள் குதிருக்குள் ஒளிய முடிகிறதென்றால் அந்தக் குதிரில் தானியம் இல்லை என்றுதானே பொருள்? குதிர் இருந்த சிறு விவசாயியின் கதி அது.

3

வீட்டில் இருப்பு தீர்ந்துபோகும்போது ஊரின் இருப்பு எங்கே போகிறது? 1876-78 தாது வருஷப் பஞ்சம் இதற்கு விடை சொல்கிறது. பஞ்சத்தின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசு தானியம் வாங்கி இருப்பு வைக்க முயன்றது. தனியார் வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்று வைஸ்ராய் லிட்டனின் அரசு அதைக் கண்டித்தது. இரயிலில் தானியம் வராமலில்லை. வந்தது, வாங்கக் காசுதான் இல்லை.

1877 ஜனவரியில் பஞ்சப் பிரதிநிதியாக அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் இருந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 450 கிராம் தானியமும் சில்லறையும் போதும் என்றார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு இது போதாது, சிறைக் கைதிக்கே இதைவிட அதிகம் கொடுக்கிறோம் என்பது அவர் வாதம். உடல் எவ்வளவு இருந்தால் சாகாது என்ற கணக்கு நிர்வாகத்தின் மொழிக்குள் நுழைந்தது இப்படித்தான். எங்கள் பொட்டலத்தில் '4 பேர், தலைக்கு 400 கிராம், 3 நாள்' என்று நாங்கள் போட்ட கணக்கு எந்த மொழியில் எழுதப்பட்டது என்று யோசிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

4

லிட்டன் மறுத்த பொது இருப்பு, 1943 வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானவர்கள் செத்த பிறகுதான் கொள்கையாயிற்று. இந்திய உணவுக் கழகம் 1965இல் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972இல் வந்தது. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று மக்களைப் பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லாருக்குமான ரேஷனைக் கைவிடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமலும் ஆயிற்று. 'இலவசம் மக்களைச் சோம்பேறியாக்குகிறது' என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரம்பரையாகக் குதிர் இல்லாத வீட்டுக்கு அந்த அட்டைதான் குதிர்.

ரேஷன் கடையின் எடை மோசடியும் புழுத்த அரிசியும் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அங்கே போய்ச் சண்டை போட முடிகிறது. பண்ணையார் வீட்டுப் பின்கட்டில் அது முடியாது. நிவாரணப் பொட்டலம் கொடுக்க வந்தவரிடமும் முடியாது.

'மூன்று நாளுக்கு வேண்டியதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்' என்று பல நாட்டு அரசுகள் மக்களுக்குச் சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியமும் 2025இல் 72 மணி நேரக் கணக்குச் சொன்னது. நல்ல ஆலோசனைதான். ஆனால் இந்தச் சொல்லாடலில் கிடங்கின் பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சமையலறைக்கு இடம்பெயர்கிறது. நாளைக்கு ஒரு வீட்டில் பட்டினி என்றால், 'ஏன் சேர்த்து வைக்கவில்லை' என்ற கேள்வி அரசை நோக்கி அல்ல, அந்த வீட்டுப் பெண்ணை நோக்கி எழும்.

5

அப்படியானால் பொட்டலமே வேண்டாமா? அப்படிச் சொல்லிவிட்டுப் போவது கட்டுரையாளனுக்கு எளிது. வெள்ளம் கட்டுரை படிப்பதில்லை. என் அம்மா உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து வேறொரு பானையில் போடுவார். அப்பாவுக்குத் தெரியாது. மாதக் கடைசியில் நாங்கள் சாப்பிட்டது அந்தப் பானையிலிருந்துதான். வீட்டு இருப்பின் வரலாறு என்று ஒன்று எழுதப்படுமானால் அது குதிரிலிருந்து அல்ல, இந்தப் பிடியரிசிப் பானையிலிருந்து தொடங்க வேண்டும். அது பெண்கள் தங்கள் பங்கைக் குறைத்துச் சேர்த்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நாங்கள் பொட்டலங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு, குடியிருப்புப் பெண்களோடு உட்கார்ந்தோம். பட்டியல் மாறியது. அடுப்பு நனைந்தால் அரிசி எதுக்கு என்றார்கள். அவல், பொரிகடலை, வெல்லம், கடலை மிட்டாய், குடிதண்ணீர் என்றானது. வைக்கும் இடமும் மாறியது. மேட்டில் இருக்கும் மாடிக் கட்டடம் ஒன்றில் மூடி போட்ட டிரம்களில் பொதுவாக வைத்தோம். சாவி மூன்று பெண்களிடம். பசிக்கிற நாளில் திறந்துகொள்ளலாம், திறந்ததை எல்லாரும் சேர்ந்து நிரப்ப வேண்டும் என்பதும் அவர்கள் போட்ட விதிதான்.

கூடவே ஒரு மனுவும் எழுதினோம். ரேஷன் கடை மேட்டுக்கு மாற வேண்டும். மழைக்கு முன்பே அடுத்த மாத ஒதுக்கீட்டைக் கொடுப்பது சலுகையாக இல்லாமல் விதியாக வேண்டும். மனுவில் முதல் கையெழுத்து, "எங்க வைக்கிறது" என்று கேட்ட அந்த அம்மாவுடையது. பதில் இன்னும் வரவில்லை.