பிரிட்டன் வீட்டுப் பரணும் ஒளியிழை இணைப்பும்

வீட்டுக்கு வரும் ஒளியிழை அகலப்பட்டை இணைப்பு ஒரு சிறு பெட்டியில் முடிகிறது. இழை வழியே ஒளியாக வரும் செய்தியை மின் குறிகையாக மாற்றித் தரும் இப்பெட்டிக்கு ஒளி வலையமைப்பு முனையம் என்று பெயர். சுருக்கமாக ஓ.என்.டி. என்பர். பிரிட்டனில் இந்தப் பெட்டியைக் கூரைக்கு அடியிலுள்ள பரணில் பொருத்தலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. இது இட வசதி பற்றிய சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் தொலைபேசி வலையமைப்பு வீட்டில் எந்த இடத்தில் முடிகிறது, அதற்கு மின்சாரம் கொடுப்பது யார் பொறுப்பு என்ற பழைய கேள்விகளும் இதனுள் அடங்கியுள்ளன.

பரண் என்னும் இடம்

தமிழ்நாட்டு வீடுகளில் பரண் என்றால் பெரும்பாலும் அறையின் சுவரில் கதவு உயரத்துக்கு மேல் அமைந்த பலகை அல்லது கான்கிரீட் தட்டு. பிரிட்டன் வீடுகளின் பரண் வேறு வகையானது. சரிவான ஓட்டுக் கூரைக்கும் மேல்மாடியின் உட்கூரைக்கும் இடைப்பட்ட முக்கோண வடிவ வெற்றிடமே அங்கு பரண் எனப்படுகிறது. உட்கூரையிலுள்ள ஒரு சிறு கதவைத் திறந்து ஏணி வைத்துத்தான் அதனுள் ஏற முடியும்.

20ஆம் நூற்றாண்டில் இப்பரண் வீட்டின் கருவிக் கிடங்காகவும் ஆகிவிட்டது. குளிர்நீர்த் தொட்டி அங்கு வைக்கப்பட்டது. தொலைக்காட்சி பரவியபோது பல வீடுகளில் அலைவாங்கியும் அதன் கம்பியும் அங்கு இடம் பிடித்தன. பின்னர் வெப்பம் வெளியேறாமல் தடுக்க, உட்கூரையின் மேல் கனிமக் கம்பளி விரிக்கும் வழக்கம் பரவியது. இன்று பரிந்துரைக்கப்படும் கம்பளியின் கனம் சுமார் 270 மில்லிமீட்டர். இதனால் கீழே அறைகள் கதகதப்பாக இருக்கின்றன. அந்த வெப்பம் மேலே செல்லாததால் பரண் குளிர்காலத்தில் கடுங்குளிராகவும், வெயில் நேரடியாகத் தாக்கும் கோடையில் கடும் சூடாகவும் இருக்கிறது.

செம்புக் கம்பியின் காலம்

பிரிட்டனில் பல தெருக்களில் தொலைபேசிக் கம்பி மரக் கம்பத்திலிருந்து வான்வழியே வந்து, வீட்டுக் கூரையின் இறவாணத்துக்கு அருகே சுவரில் கொக்கியில் மாட்டப்படும். அங்கிருந்து சுவரோடு இறங்கி வீட்டுக்குள் நுழையும். 1981 வரை தொலைபேசிக் கருவி பொதுவாகச் சுவரிலுள்ள இணைப்புப் பெட்டியுடன் நிலையாகப் பிணைக்கப்பட்டிருந்தது. கம்பி, கருவி இரண்டுமே தொலைபேசித் துறையின் உடைமை. 1981இல் செருகு இணைப்பு முறை அறிமுகமாயிற்று. அதன் பின் மக்கள் தாங்களே கருவியை வாங்கிச் செருகிக்கொள்ள முடிந்தது. பின்னர் வந்த முதன்மைச் செருகிடம் இரு பகுதிகளாகப் பிரியக் கூடியது. பின்பகுதி நிறுவனத்தின் எல்லை, முன்பகுதியிலிருந்து தொடங்கும் உட்கம்பிகள் வீட்டுக்காரரின் எல்லை. இவ்வாறு வலையமைப்பு முடியும் இடம் கண்ணால் காணக் கூடிய ஒரு கோடாக வரையறுக்கப்பட்டது.

ஆனால் மின்சாரத்தைப் பொறுத்தவரை எல்லை மாறவில்லை. செம்புக் கம்பி குரலை மட்டும் சுமக்கவில்லை. தொலைபேசி இணைப்பகத்திலிருந்து சுமார் 50 வோல்ட் நேர்மின்னோட்டத்தையும் அது சுமந்து வந்தது. இணைப்பகத்தில் பெரிய மின்கலங்களும் மின்னாக்கிகளும் இருந்தன. ஆகவே தெரு முழுவதும் மின்வெட்டு ஏற்பட்டு வீடு இருண்டிருந்தாலும் சாதாரணத் தொலைபேசி வேலை செய்தது. 1937இல் இலண்டனில் தொடங்கப்பட்ட 999 என்னும் அவசர அழைப்பு எண்ணை இருளிலும் அழைக்க முடிந்ததற்கு இதுவே காரணம். பல தலைமுறைகள் இந்த வசதியைப் பற்றிச் சிந்திக்கவே தேவையில்லாமல் வாழ்ந்தன.

கண்ணாடி இழையின் வருகை

1954இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்ட் ஹாப்கின்சும் இந்தியாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படங்களைக் கடத்திக் காட்டினர். அது உடலின் உட்பகுதியைப் பார்க்கும் கருவிகளுக்குப் பயன்பட்டது. தொலைத்தொடர்புக்கு அந்த இழை போதவில்லை. சில மீட்டர்களிலேயே ஒளி பெருமளவு மங்கிவிட்டது.

1966இல் இங்கிலாந்தின் ஹார்லோ நகரிலிருந்த ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் ஒரு முக்கியமான கட்டுரை வெளியிட்டனர். ஒளி மங்குவதற்குக் காரணம் கண்ணாடியின் இயல்பு அன்று, அதிலுள்ள மாசுகளே என்பது அவர்கள் கருத்து. இழப்பை ஒரு கிலோமீட்டருக்கு 20 டெசிபெல்லுக்குக் குறைத்தால் தொலைத்தொடர்புக்கு இழை பயன்படும் என்று அவர்கள் கணித்தனர். அதாவது, ஒரு கிலோமீட்டர் கடந்த பின் நூறில் ஒரு பங்கு ஒளி எஞ்சினால் போதும். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ராபர்ட் மாரர், டொனால்ட் கெக், பீட்டர் ஷுல்ட்ஸ் ஆகியோர் அந்த அளவை எட்டினர். இன்றைய இழையில் ஒரு கிலோமீட்டர் கடந்த பின்னும் நூறில் சுமார் 95 பங்கு ஒளி எஞ்சுகிறது. காவோவுக்கு 2009இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1988இல் அட்லாண்டிக் கடலடியில் முதல் ஒளியிழை வடம் இயங்கத் தொடங்கியது. கடலைக் கடந்த இழை வீட்டு வாசலைக் கடக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இழை இழுப்பது செலவு மிக்கது என்பது ஒரு தடை. ஓர் இழையில் வரும் ஒளியைப் பல வீடுகளுக்குப் பகிரும் ஜிபான் என்னும் தரநிலை 2003இல் உருவாயிற்று. வீட்டு மூலைகளில் வளைத்தால் சாதாரண இழையிலிருந்து ஒளி கசியும் என்பது மற்றொரு தடை. அதிகம் வளைத்தாலும் ஒளி கசியாத இழைக்கான தரநிலை 2006இல் வந்தது. அதன் பின்னரே கதவுச் சட்டத்தை ஒட்டியும் பரணின் உத்திரங்களுக்கு இடையிலும் இழையை எளிதாகக் கொண்டு செல்ல முடிந்தது.

ஜிபான் முறையில் இணைப்பகத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒளியைப் பிரிக்கும் கருவிக்கு மின்சாரமே தேவையில்லை. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்துவதும் இல்லை. எனவே மின்சாரத்தின் தேவை இரு முனைகளில் மட்டுமே மிஞ்சியது. ஒரு முனை இணைப்பகம். மறு முனை வீட்டிலுள்ள பெட்டி. அந்தப் பெட்டிக்கு வேண்டிய மின்சாரம் வீட்டுக்காரரின் செருகிடத்திலிருந்தே வர வேண்டும்.

பரணில் பொருத்துதல்: சாதகமும் பாதகமும்

வான்வழி வரும் இழையும் பழைய கம்பியைப் போலவே இறவாணத்துக்கு அருகில்தான் வீட்டைத் தொடுகிறது. அங்கிருந்து பரணுக்குள் நுழைவது மிகக் குறுகிய வழி. அறைச் சுவர்களில் துளையிட வேண்டாம், பெட்டியும் கண்ணில் படாது. பரணிலிருந்து எல்லா அறைகளுக்கும் கம்பி இறக்குவதும் எளிது. பரணில் பொருத்த வேண்டும் என்ற எண்ணத்துக்கு இவையே காரணங்கள்.

எதிர்ப்பக்கக் காரணங்களும் வலுவானவை. வீட்டினுள் பயன்படுத்தும் இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 0 முதல் 40 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலைக்கே வடிவமைக்கப்படுகின்றன. பரணின் கோடை வெப்பம் அந்த எல்லையைத் தாண்டலாம். குளிர்காலத்தில் ஈரம் படியலாம். மின் மாற்றி கம்பளிக்கு அடியில் புதைந்தால் அதன் சூடு வெளியேறாது. பல பரண்களில் விளக்குக்கான மின்சுற்று மட்டுமே உண்டு. செருகிடம் வேண்டுமானால் தகுதி பெற்ற மின்பணியாளர் புதிதாக அமைக்க வேண்டும். கம்பியில்லா இணைப்பைத் தரும் ரவுட்டரையும் பரணிலேயே வைத்தால், அலைகள் தளங்களைக் கடந்து கீழே வருவதற்குள் வலுவிழக்கும். உட்கூரைப் பலகையில் உலோகத் தாள் ஒட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இதனால் பலர் நடுவழி ஒன்றைக் கைக்கொள்கின்றனர். ஓ.என்.டி. பெட்டியை மட்டும் மேலே வைத்து, ஈதர்நெட் கம்பி வழியாக ரவுட்டரைக் கீழே வீட்டின் நடுப்பகுதியில் வைப்பது அவ்வழி. ஈதர்நெட் கம்பி 100 மீட்டர் வரை செல்லும் என்பதால் தொலைவு தடையாகாது. எனினும் பழுது ஏற்படும்போது பெட்டியின் விளக்குகள் என்ன நிறத்தில் எரிகின்றன என்பதே தொழில்நுட்ப உதவியாளர் கேட்கும் முதல் கேள்வி. அதற்கு விடை சொல்ல ஏணியில் ஏற வேண்டியிருக்கும்.

மின்வெட்டும் அவசர அழைப்பும்

பிரிட்டனில் பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 டிசம்பரில் முற்றாக நிறுத்துவது எனத் திட்டமிடப்பட்டிருந்தது. அதன் பின் வீட்டுத் தொலைபேசியும் இணையத்தின் வழியாகவே இயங்கும். அப்போது ஓ.என்.டி., ரவுட்டர் ஆகிய இரண்டில் ஒன்று அணைந்தாலும் தொலைபேசி ஓசையற்றுப் போகும். இதை உணர்ந்து, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2018இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மின்வெட்டின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழி இருக்க வேண்டும், வீட்டுத் தொலைபேசியையே நம்பியிருப்போருக்கு அதை இலவசமாகத் தர வேண்டும் என்று அது கூறியது.

2021 நவம்பரில் வீசிய ஆர்வென் புயல் அந்த ஒரு மணி நேரத்தின் போதாமையைக் காட்டியது. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் சுமார் 10 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் தடைப்பட்டது. சில ஆயிரம் வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் மின்சாரம் வரவில்லை. அலைபேசிக் கோபுரங்களுக்கும் மின்சாரம் தேவை என்பதால், அலைபேசி இருக்கிறதே என்று எல்லாரும் ஆறுதல் கொள்ளவும் முடியவில்லை. 2022 மார்ச்சில் பிடி நிறுவனம் வீட்டுத் தொலைபேசிகளை இணைய முறைக்கு மாற்றும் பணியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. பொத்தானை அழுத்தி உதவி கோரும் கருவிகளைத் தொலைபேசி இணைப்புடன் பயன்படுத்தும் முதியோரும் நோயாளிகளும் இம்மாற்றத்தால் பாதிக்கப்படக் கூடும் என்ற கவலை வலுத்தது. பழைய வலையமைப்பை நிறுத்தும் நாள் 2024இல், 2027 ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

இந்தப் பின்னணியில் பார்த்தால், பெட்டிக்கான இடத்தைத் தேர்வு செய்வதில் அழகும் சிக்கனமும் மட்டும் அளவுகோல் ஆகா. ஓ.என்.டி.யும் ரவுட்டரும் மிகக் குறைந்த மின்சாரத்தையே பயன்படுத்துகின்றன. சிறிய காப்பு மின்கலம் ஒன்று அவற்றைச் சில மணி நேரம் இயக்கும். ஆனால் அந்த மின்கலம் பெட்டிக்கு அருகில் இருக்க வேண்டும், அவ்வப்போது சோதிக்கப்பட வேண்டும், பழையதானால் மாற்றப்பட வேண்டும். பரணின் வெப்பத்தில் மின்கலத்தின் ஆயுளும் குறையும். ஏணி ஏற இயலாத முதியவர் தனியே வாழும் வீட்டில், பரணிலுள்ள பெட்டி அவர் கைக்கு எட்டாத பெட்டியாகவே இருக்கும்.

செம்புக் கம்பியின் காலத்தில் இணைப்பகத்தின் மின்கல அறையில் பணியாளர்கள் செய்த காவல் வேலை, ஒளியிழையின் காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கிட்டு அளிக்கப்பட்டுள்ளது. பெட்டியை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் குடும்பம், அந்த வேலையை யார் செய்வது என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறது.