தரை டிக்கெட்டில் அமர்ந்தவர் யார்?
கடலூர், சிதம்பரம் பழைய திரையரங்குகளின் வரலாற்றை எழுத முனைவோருக்கு

ஓர் ஊரின் பழைய திரையரங்கைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைகின்றன. கட்டியவர் யார், திறந்துவைத்தவர் யார், முதலில் ஓடிய படம் எது, நூறு நாள் கண்ட படம் எது, இடிக்கப்பட்டது எப்போது என்பதோடு அவை முடிந்துவிடுகின்றன. யார் உள்ளே விடப்பட்டனர், யார் எங்கே அமர்ந்தனர், கூட்டிப் பெருக்கியவர் யார் என்னும் வினாக்கள் அவற்றில் எழுவதில்லை. இவ்வினாக்களை விலக்கி எழுதப்படுவது திரையரங்கின் வரலாறன்று. அதன் உரிமையாளரின் வரலாறு மட்டுமே.

கடலூரிலும் சிதம்பரத்திலும் இவ்வாய்வைத் தொடங்க விரும்பும் கல்லூரி மாணவர்களையும் களச் செயற்பாட்டாளர்களையும் மனத்தில் கொண்டு இக்கட்டுரையை எழுதுகிறோம். நியூ சினிமா, கிருஷ்ணாலயா, லேனா, வடுகநாதன் எனத் திரையரங்கப் பெயர்களையே வழி சொல்லும் அடையாளங்களாகக் கொண்டு வளர்ந்த நகரங்கள் இவை. இவற்றுக்கு முன்பிருந்த கீற்றுக் கொட்டகைகளின் பெயர்களோ முதியோரின் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன.

ஒரே கூரை என்னும் கருத்து

தமிழகத்தில் சினிமா முதலில் கூடாரத்தில்தான் குடியிருந்தது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி ஊர் ஊராகச் சென்று காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். 1931-இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்ப் பேசும் படங்களின் காலம் தொடங்கிய பிறகு, சிறு நகரங்களிலும் கொட்டகைகள் பெருகின.

இக்கொட்டகைகளைப் பற்றிய முக்கியமான சமூகவியல் கருத்தொன்றை ஈழத்து அறிஞர் கா. சிவத்தம்பி 1981-இல் முன்வைத்தார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகலைக் களம் திரையரங்கே என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சமூகப் படிநிலை அன்று, வாங்கும் திறனே என்றும் அவர் கூறினார். கோயில், கூத்துக்களம், சபா ஆகியவற்றோடு ஒப்பிடுகையில் இதில் பெரும் உண்மை உண்டு. சாதியைக் கேட்டுச் சீட்டு கொடுப்பது நுழைவுச்சீட்டு வணிகத்தின் இயல்பன்று.

ஆயினும் இக்கருத்தை ஆய்வின் முடிவாகக் கொள்ளலாகாது. ஊருக்கு ஊர் சோதித்துப் பார்க்க வேண்டிய கருதுகோளாகவே கொள்ள வேண்டும். ஏனெனில், வாங்கும் திறன் சாதிக்கு வெளியே பிறப்பதில்லை. கொள்ளிடமும் வீராணமும் நீர் பாய்ச்சும் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் வயல் உழைப்பின் பெரும்பகுதியைத் தலித் மக்களே சுமந்தனர். காவிரிப் படுகையில் கூலி நெடுங்காலம் நெல்லாகவே அளக்கப்பட்டது. கொட்டகைச் சீட்டுக்கோ காசு வேண்டும். நெல்லை அளந்து பெற்றவர் காசைக் கையில் காண்பதற்கும், தரை டிக்கெட் வாங்குவதற்கும், பெஞ்சுக்கு நகர்வதற்கும் இடையே எத்தனை ஆண்டுகள் கடந்தன என்பது பொருளியல் வினா மட்டுமன்று; அது சாதி வரலாற்றின் வினாவும் ஆகும். தரை, பெஞ்சு, நாற்காலி, சோபா, பால்கனி என்ற அடுக்கைப் பணத்தின் அடுக்கு என்று மட்டும் வாசித்தால் இது கண்ணுக்குத் தப்பிவிடும்.

நந்தனார் ஓடிய ஊர்களில்

சிதம்பரத்தில் இவ்வினா இன்னும் கூர்மை பெறுகிறது. தில்லைக் கோயிலுக்குள் நுழைய ஏங்கிய நந்தனாரின் கதை தமிழ்த் திரை மீண்டும் மீண்டும் எடுத்தாண்ட கதை. 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த 'பக்த நந்தனார்' வெளிவந்தது. அதற்காக அவர் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றது அக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. 1942-இல் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் தண்டபாணி தேசிகரை நடிக்கவைத்து 'நந்தனார்' படத்தை வெளியிட்டது.

கோயில்களைப் பட்டியல் சாதியினருக்குத் திறந்துவிட்ட சென்னை ஆலய நுழைவு அதிகாரச் சட்டம் 1947-இல் வந்தது. அதாவது, திரையில் நந்தனார் சிவனோடு கலந்த ஆண்டுகளில், அவர் வழிவந்தோர் என்று அழைக்கப்பட்ட மக்கள் கோயில் வாயிலுக்கு வெளியேதான் நிறுத்தப்பட்டிருந்தனர். அதே காலத்தில் அதே சிதம்பரத்தில், 1916-இல் நந்தனார் பெயரில் கல்வி நிறுவனத்தைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர், தலித் மாணவர்களுக்குப் பள்ளியும் விடுதியும் நடத்திக்கொண்டிருந்தார். நந்தனாரைப் பணிவின் உருவமாகத் திரை காட்டியது; சகஜானந்தரோ அப்பெயரைக் கல்வி உரிமையின் பெயராக்கினார். இவ்விரு நந்தனார்களையும் ஒரே தலைமுறை எவ்வாறு எதிர்கொண்டது என்பதே சிதம்பரத்துத் திரையரங்க வரலாறு விடை காண வேண்டிய முதன்மையான வினா. அக்கல்வி நிறுவனத்தின் முன்னாள் மாணவர் குடும்பங்களிடமிருந்து இத்தேடலைத் தொடங்கலாம்.

நுழைவு உரிமையும் சட்டமும்

பொது இடங்களில் நுழையும் உரிமைக்கான போராட்டம் விடுதலைக்கு முந்தையது. பொதுச் சாலை, கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றைப் பயன்படுத்தும் உரிமையை வலியுறுத்தி இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றம் ஏற்றது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15(2)ஆம் பிரிவு, கடை, உணவகம் ஆகியவற்றோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் பெயர் சுட்டிக் குறிப்பிட்டது.

1955-ஆம் ஆண்டு இவ்வாய்வில் தனிக் கவனத்துக்குரியது. திரையரங்கக் கட்டடம், தீப்பாதுகாப்பு, உரிமம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் மாகாணச் சட்டமும், தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் என்னும் நடுவண் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறின. முன்னது வாயில்கள் எத்தனை என்று கேட்டது. பின்னது அவ்வாயில்களில் யாரும் தடுக்கப்படலாகாது என்றது. பொதுக் கேளிக்கை இடத்தில் தீண்டாமை காரணமாக நுழைவை மறுப்பது பின்னதன் 4-ஆம் பிரிவின்படி குற்றம். சேவையை மறுத்ததற்காக 6-ஆம் பிரிவின்கீழ் தண்டிக்கப்பட்டவரின் தொழில் உரிமத்தை நிறுத்திவைக்கவோ நீக்கவோ நீதிமன்றம் ஆணையிடலாம் என்று 8-ஆம் பிரிவு கூறுகிறது. 1976-இல் இச்சட்டம் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்யப்பட்ட திருத்தமும் கேளிக்கை இடங்களில் நுழைவதைத் தடுப்பதைக் குற்றப் பட்டியலில் சேர்த்தது.

எனவே, ஒரு திரையரங்கின் உரிமக் கோப்பும் அவ்வட்டாரக் காவல் நிலைய, நீதிமன்றப் பதிவுகளும் இணைத்து வாசிக்கப்பட வேண்டும். புகார் பதிவாகவில்லை என்பதைப் பாகுபாடு இருந்ததில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது. காட்டுமன்னார்கோயில் மண்ணிலிருந்து எழுந்த எல். இளையபெருமாள் தலைமையிலான நடுவண் குழு 1969-இல் அளித்த அறிக்கை, சட்டம் வந்து பல ஆண்டுகள் ஆன பின்பும் தீண்டாமை தொடர்ந்ததை நாடு முழுவதிலுமிருந்து பதிவு செய்தது. அவ்வறிக்கையை இவ்வாய்வின் அடிப்படை நூல்களில் ஒன்றாகக் கொள்ள வேண்டும்.

ஆவணங்களைத் தேடும் இடங்கள்

1993-இல் பிரிக்கப்படும்வரை கடலூரும் விழுப்புரமும் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டமாக இருந்தன. கடலூரே அதன் தலைநகர். ஆகவே பழைய கோப்புகளைத் தென்னார்க்காடு என்ற பெயரிலேயே தேட வேண்டும். திரையரங்குக்கு உரிமம் வழங்கும் அதிகாரி மாவட்ட ஆட்சியர். தொழிலில் உள்ளோர் 'சி படிவம்' என்று குறிப்பிடும் உரிமத்தின் கோப்பில் கட்டட வரைபடமும், பொறியாளர், மின் ஆய்வாளர் ஆகியோரின் சான்றுகளும் இருக்கும். வரைபடத்தில் தரைப்பகுதிக்குத் தனி வாயில் காட்டப்பட்டுள்ளதா, கழிப்பறை எந்த வகுப்புக்கு எங்கே அமைந்துள்ளது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். 30 நாட்களில் விடை தர வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்வுகள் பற்றிய தகவலுக்குச் சட்டத்தின் 8(3)ஆம் பிரிவு பெரும்பாலான விலக்குகளைத் தளர்த்துகிறது. 'கோப்பு இல்லை' என்று விடை வந்தால், அக்கோப்பு அழிக்கப்பட்டதைக் காட்டும் பதிவேட்டின் நகலைக் கோர வேண்டும்.

கேளிக்கை வரிப் பதிவுகள் அடுத்த சான்று. 1939-ஆம் ஆண்டுச் சட்டப்படி நுழைவுக் கட்டணத்தின்மீது வரி கணக்கிடப்பட்டதால், எந்த வகுப்பில் எத்தனை இருக்கை, என்ன விலை என்பது அதிகாரிகளுக்குத் தேவைப்பட்டது. அவ்விலையை அதே ஆண்டின் விவசாயக் கூலியோடு ஒப்பிட்டால் மேலே கூறிய வாங்கும் திறனை அளந்து பார்க்க முடியும்.

சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களும் திரைப்படப் பாட்டுப் புத்தகங்களும் உள்ளன. 1962-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளையும் பார்க்க வேண்டும். நிலத்தின் வரலாற்றுக்கு வில்லங்கச் சான்றும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேடும் உதவும். கொட்டகை எழுந்த மனை முன்பு யாருடையது, கோயில் நிலமா, புறம்போக்கா, 1892 முதல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமா என்பதை உறுதிசெய்துகொள்ளாமல் எழுதத் தொடங்கக் கூடாது.

முதியோரிடம் கேட்க வேண்டியவை

ஆவணங்களில் பதிவாகாதது ஏராளம். 'பாகுபாடு இருந்ததா' என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் 'அப்படியெல்லாம் இல்லை' என்ற விடையே வரும். நடந்த முறையைக் கேட்க வேண்டும். சேரியிலிருந்து கொட்டகைக்கு எந்தத் தெரு வழியாகப் போனார்கள்? இரண்டாம் ஆட்டம் முடிந்து ஊர்த் தெருவைக் கடக்க முடிந்ததா, வரப்பு வழியே திரும்பினார்களா? இடைவேளையில் தேநீர் எந்தக் குவளையில் கிடைத்தது? தரையில் எல்லோரும் கலந்து அமர்ந்தார்களா, தெருவாரியாக அமர்ந்தார்களா? பெண்கள் பகுதியில் யார் யாருக்கு அருகில் இருந்தார்கள்? செருப்போடும் வெளுத்த சட்டையோடும் போக முடிந்தது எப்போது முதல்?

உழைத்தோரைப் பற்றியும் கேட்க வேண்டும். படத்தின் வருகையை அறிவித்த மாட்டுவண்டிக்கு முன்னால் பறையடித்தவர் யார்? கழிப்பறையைத் துப்புரவு செய்தவர் யார்? அவருக்கு ஊதியம் கிடைத்ததா, ஓசி டிக்கெட்டோடு முடிந்ததா? சுவரொட்டி ஒட்டியவர், சீட்டு கிழித்தவர், படக்கருவியை இயக்கியவர் ஆகிய பணிகள் எந்தெந்தச் சமூகத்தாருக்குத் திறந்திருந்தன? தண்டோரா முறையைக் கைவிடுமாறு தமிழக அரசு அறிவுறுத்தியது 2022-இல்தான் என்பதை நினைவில் கொண்டால் முதல் வினாவின் கனம் விளங்கும்.

பேசியவரின் பெயரையும் தெருவையும் வெளியிடுமுன் அவரது இசைவைப் பெற வேண்டும். இன்றும் அதே ஊரில் அதே ஆதிக்கத்தின் நடுவே வாழ்பவர் அவர். ஒருவர் சொன்னதை வேறு தெருவிலுள்ள இருவரிடமேனும் ஒப்பிட்டுப் பார்க்காமல் உண்மை என்று எழுதலாகாது.

ஏன் இப்போது

2023 மார்ச் மாதம் சென்னை ரோகிணி திரையரங்கில் கையில் சீட்டு வைத்திருந்த நரிக்குறவர் குடும்பம் வாயிலில் தடுக்கப்பட்ட காட்சி நாடெங்கும் பரவியது. படத்தின் தணிக்கைச் சான்றையும் குழந்தைகளின் வயதையும் நிர்வாகம் காரணம் காட்டியது. பின்னர் அவர்கள் அனுமதிக்கப்பட்டனர். காவல்துறை வழக்குப் பதிந்தது. அன்று கைப்பேசி இருந்தது, காட்சி பதிவாயிற்று. 1945-இலோ 1960-இலோ ஒரு கீற்றுக் கொட்டகையின் வாயிலில் நடந்ததற்கு அத்தகைய பதிவு கிடையாது. அதைக் கண்டவர்கள் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள்.

கொட்டகைகள் திருமண மண்டபங்களாகவும் வணிக வளாகங்களாகவும் மாறிவருகின்றன. திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம், முதுநகர், சிதம்பரத்தின் நான்கு வீதிகள், அவற்றைச் சுற்றியுள்ள சேரிகள் என ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு மாணவர்கள் பொறுப்பேற்றால் ஒரு கோடை விடுமுறைக்குள் முதற்கட்டப் பதிவை முடித்துவிடலாம். உரிமக் கோப்புக்கான விண்ணப்பத்தை முதல் நாளிலேயே அனுப்பிவிட வேண்டும். அதற்கு விடை வரும் 30 நாட்களை முதியோரின் வாசற்படியில் செலவிடுவோம்.