பேணுதல் என்னும் கடைசிப் படி

கல்முனையில் இன்று காய்ச்சல் என்றதும் டெங்கு என்றே பலரும் நினைப்பர். முன்னைய தலைமுறையினர்க்கோ அச்சொல் முறைக்காய்ச்சலாகிய மலேரியாவையே நினைவூட்டியது. நிந்தவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் உழவர் கடலோரத்தில் குடியிருந்து, மேற்கே வட்டைகளில் வேளாண்மை செய்தனர்; காவற்காலத்தில் வாடியிலே இரவைக் கழித்தனர். உலர்வலயத்து நுளம்பு அங்கே காத்திருந்தது. நடுங்கிக் கிடப்பதும் எழுந்து மீண்டும் வயலுக்குப் போவதும் உழவுத் தொழிலோடு ஒட்டிய விதியென்றே கருதப்பட்டன.

அத்தகைய மனநிலையை ஆராய்ந்தவர்கள் புரொச்சஸ்கா, டிகிளெமென்டி என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர். புகைப்பதை விட்டவர்களைக் கவனித்து, 1980களின் முற்பகுதியில் அவர்கள் ஒரு கருத்தை வெளியிட்டனர். பழக்கம் ஒரே நாளில் மாறுவதில்லை. மாற்றத்தை எண்ணாதிருத்தல், எண்ணிப் பார்த்தல், ஆயத்தமாதல், செயற்படுதல், பேணுதல் எனப் படிப்படியாகவே மாறுகிறது என்றனர். மேற்படியிலிருந்து சறுக்கிக் கீழே வருவதும் இயல்பே என்றனர். தனி மனிதரைப் பற்றிய இக்கருத்து, நம் நாட்டு மலேரியா வரலாற்றுக்கும் பெரிதும் பொருந்துகிறது.

மலேரியாத் தடை இயக்கம் 1911இல் குருநாகலில் தொடங்கிற்று. ஆயினும் நாட்டை விழிக்கச் செய்தது 1934-35ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயே. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்க, அத்தெளிநீரில் நுளம்பு பெருகியது. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். விதியென்று கிடந்தது, தடுக்கக்கூடிய நோயாக அப்போது பலர் கண்ணிலும் பட்டது.

செயற்படும் காலம் 1946இல் வந்தது. டி.டி.ரி. மருந்தை வீட்டுச் சுவர்களில் தெளிக்கும் வேலை நாடெங்கும் பரவிற்று. அயலார் வீட்டினுள் வந்து தெளிக்க இடங்கொடுப்பதும், தெளித்த சுவரைச் சில மாதம் மெழுகாது விடுவதும் மக்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கங்களாயின. காடு வெட்டிக் குடியேற்றும் கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்குவதற்கும் நோயின் தணிவு துணைநின்றது. அத்திட்டத்தோடு வளர்ந்த அம்பாறை, 1961இல் மட்டக்களப்பினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே.

வெற்றி கிட்டியது என்றெண்ணித் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டிற்று! செயலில் வென்ற நாடு பேணுதலில் தோற்றது.

மலேரியா வகைகளுள் ஒன்றான வைவாக்ஸின் தன்மையும் இப்பாடத்தையே உரைக்கிறது. காய்ச்சல் தணிந்த பின்னும் அதன் கிருமி ஈரலில் உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ சென்றபின் எழும். ஆகவே உடம்பு நலமென்று தோன்றிய பிறகும் பிரிமாகுவின் மாத்திரையை மருத்துவர் விதித்த நாள்வரை விழுங்க வேண்டும். நோவு இருக்கும்போது மருந்துண்பது எவர்க்கும் எளிது. நோவு நீங்கிய பின்னும் உண்பதே பழக்கம்.

1999இல் மீண்டும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். வடக்கும் கிழக்கும் போரினால் அல்லற்பட்ட காலம் அது. எனினும் காய்ச்சல் கண்டவுடன் இரத்தம் சோதித்தல், மருந்தூட்டிய நுளம்பு வலையினுள் துயிலுதல், ஒவ்வொரு நோயாளியையும் தேடிக் கண்டு குணப்படுத்தல் என்பன இடைவிடாது நடந்தன. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதாரத் தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

அதே ஆண்டின் இறுதியில், இந்நாட்டில் முன்பு காணப்படாத ஸ்டெபன்சி என்னும் நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. அது மலேரியாவைப் பரப்பவல்லது. பட்டினத்துக் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் முட்டையிடுவது. கிணறுகள் நிறைந்த நம் கரையோரத்தார் இதனை அயலூர்ச் செய்தியென்று தள்ளிவிடலாகாது. நோயுள்ள நாடுகளுக்குச் சென்று திரும்புவோர் காய்ச்சல் கண்டால், தாம் சென்று வந்த இடத்தை மருத்துவரிடம் சொல்லி இரத்தம் சோதித்தல் வேண்டும். ஆபிரிக்காவோ இந்தியாவோ எதுவாயினும் சொல்லத் தயங்கலாகாது.

1963இல் கண்ட பதினேழு, ஆறே ஆண்டுகளில் இலட்சங்களாயிற்று. தொழுகைக்கு ஐந்து வேளையும் வுழூச் செய்யும் ஊரார்க்கு, காலையிற் கழுவிய கையை மாலையிலும் கழுவவேண்டும் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஒழுங்கையே கிணற்று மூடிக்கும் இரத்தச் சோதனைக்கும் நீட்டுவோமாக.