திருக்கல்லறையும் மூன்று சபைகளும்



எருசலேமில் நம் ஆண்டவரின் திருக்கல்லறை ஆலயத்தைக் கிரேக்க சபையார், அர்மேனியர், இலத்தீன் சபையின் பிரான்சிஸ்கன் துறவியர் ஆகிய மூவரே முக்கியப் பொறுப்பாளராய்க் காத்து வருகின்றனர். யாருக்கு எவ்விடம் என்பதில் இருந்த நிலையே நீடிக்க வேண்டுமென 1852-இல் துருக்கிச் சுல்தான் ஆணையிட்டார். பழுது பார்த்தவருக்கே அவ்விடம் உரிமையாகும் என்பது அங்குள்ள வழக்கு. ஆதலால் ஒருவர் ஒரு கல்லைத் தொட்டாலும் மற்றவர் தடுப்பர்.

1927-ஆம் ஆண்டு நிலநடுக்கம் ஆலயத்தைப் பலமாக உலுக்கியது. கல்லறைமேல் உள்ள சிற்றாலயம் சரிந்துவிடாதிருக்க, 1947-இல் ஆங்கில ஆட்சியார் இரும்புச் சட்டங்களால் முட்டுக் கொடுத்தனர். அந்த முட்டு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அப்படியே நின்றது!

2015 பிப்ரவரியில், ஆபத்து என்று கூறிக் காவல்துறையினர் சிற்றாலயத்தைச் சிறிது நேரம் மூடினர். அதன் பிறகே மூவரும் ஒருமனப்பட்டனர். 2016 மார்ச் 22-இல் உடன்பாடு பிறந்தது. ஏதென்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வல்லுநர் வேலையை ஏற்றனர். செலவில் மூவரும் பங்கேற்றனர். 2017 மார்ச் 22-இல், இரும்பு முட்டுகள் நீங்கிய சிற்றாலயம் திறக்கப்பட்டது. யாருடைய உரிமையும் குறையவில்லை.

கெபியா, மண்டபமா, மணிக்கூண்டா என்று பிரிந்து பேசும் நாமும், சுவர் சரியும்வரை காத்திராமல் கூடிப் பேசுவோமாக.